டொராண்டோவுக்கு எத்தனை மணி நேரம், டீச்சர்?

மட்டாஞ்சேரியில் ஒரு மலையாளப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று துபாயிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அந்த ஊர்களை முதன்முதலில் உலகப்படத்தில் குச்சி வைத்துக் காட்டியவள் நான்தான். காட்டியவள் மட்டும் தெற்கே கன்னியாகுமரியையும் கிழக்கே மதுரையையும் தாண்டியதில்லை. நெடும்பாசேரி விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் இல்லைதான், ஆனாலும் எட்டாத தூரமும் இல்லை. ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தலைக்கு மேல் தாழப் பறந்த விமானத்தைப் பார்த்து, "இதோ, தரை இறங்குகிறது" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினேன். விமானத்தோடு எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் டீச்சர். அரிசி மண்டிக்காரர், ஆட்டோக்காரர்கள், காய்கறிக் கடைக்காரர், யாருமே என் பேச்சை மறுத்துப் பேசமாட்டார்கள். மறுத்துப் பேச ஆளில்லாமல் முப்பது வருஷம் வாழ்ந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எனக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி டொராண்டோ பக்கம் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை அவள்தான் வருவாள். வரும்போதெல்லாம், பிறகு தொலைபேசியிலும், ஒரே பல்லவி.

"அக்கா, ஒரு தடவையாவது வாயேன். நான் எவ்ளோ தடவை வந்தாச்சு."

"எவ்வளவு தூரம்னு உனக்குத் தெரியுமோ?" என்பேன் நான்.

"நான் அந்த தூரத்தை வந்துட்டுத்தானே சொல்றேன்?"

அது எனக்கு ஒரு பதிலாகவே படாது. பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட ஒரு பழைய உலக உருண்டை என் மேஜையில் இருக்கிறது. அதில் கொச்சியில் ஒரு நூலின் நுனியை வைத்து டொராண்டோவுக்கு இழுத்துப் பிடிப்பேன். நூல் மேற்கே போகாமல் நேராக வடக்கே ஏறும். ரஷ்யாவைத் தாண்டி, பனிக்கடலைத் தொட்டு, கிரீன்லாந்துப் பக்கமாக அந்தப் புறம் இறங்கும். பதின்மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் சற்று மேல். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தை நம்பக்கூடாது, பூமி உருண்டை, உருண்டையின் மேல் குறுக்குவழி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும்போது என் குரல் தானாகவே வகுப்பறைக் குரலாகிவிடும். கேட்டவர்கள், "டீச்சருக்கு எல்லாம் அறியாம்" என்று, எல்லாம் தெரிந்தவள் என மலையாளத்தில் மெச்சி, காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நான் செய்துகொண்டிருந்தது பூகோளம் இல்லை. விமானம் ஏறப் பயந்து செய்த சாக்கு. இது என் கணவருக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை நான் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம் தங்கைக்கு இரண்டு முழங்காலும் மோசமாயின. நீண்ட நேரம் மடக்கி உட்காரக்கூடாது என்று அங்கே மருத்துவர் சொல்லிவிட்டார். இனி அவளால் வர முடியாது. அவள் அழவில்லை. "சரி, இனிமே போன்ல பார்த்துக்க வேண்டியதுதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு விஷயம் பேச ஆரம்பித்தாள். அந்தச் சாதாரணம்தான் என்னைப் போட்டு வதைத்தது.

மறுநாளே பஜார் ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனோம். என் கணவர் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். பேசினால் ஒரே வாக்கியம், அதுவும் கேள்வியாக இருக்கும். டிராவல்ஸ்காரர் திரையில் ஒரு பயணத்தைக் காட்டினார். வளைகுடாவில் ஒரு முறை விமானம் மாறவேண்டும். கொச்சியில் செவ்வாய்க்கிழமை விடியுமுன் நான்கு மணிக்குப் புறப்பாடு. டொராண்டோவில் அதே செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு வருகை.

நான் மனக்கணக்காகவே கூட்டிப் பார்த்தேன். "பதினொன்றரை மணி நேரம்தானா! இதுக்கா இவ்வளவு வருஷம் பயந்தேன்? சென்னைக்கு ரயில்ல போனாலே இதைவிட ஜாஸ்தி. பதிவு பண்ணிடுங்கோ" என்றேன்.

டிராவல்ஸ்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் ஆயிற்றே என்று மூடிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் கேட்டார், "ஏண்டி, இங்கேருந்து வளைகுடாவுக்கே நாலரை மணி நேரம்னு போட்டிருக்கு. அங்க ரெண்டரை மணி நேரம் உட்காரணும். மிச்சம் இருக்கற நாலரை மணி நேரத்துல கானடா வந்துடுமோ?"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது.

தீர்க்கரேகையும் நேர வித்தியாசமும் ஒன்பதாம் வகுப்புப் பாடம். மூன்றாம் அத்தியாயமோ நான்காம் அத்தியாயமோ. எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் அந்தக் கணக்கைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்! ஒரு பையனை, "நீ மேற்கே போனாயா, மேலே போனாயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அதே கணக்கில், திரையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, டொராண்டோ கடிகாரத்திலிருந்து கொச்சிக் கடிகாரத்தை அப்படியே கழித்திருக்கிறேன். அங்கே இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். ஆக மொத்தப் பயணம் இருபத்தோரு மணி நேரம்.

"அது எனக்குத் தெரியும். நீங்க கவனிக்கறேளான்னு பார்த்தேன்" என்றேன்.

சீட்டைப் பதிவு செய்தாகிவிட்டது, தங்கையிடமும் வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

இந்த அவமானத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு தப்பைச் செய்த டீச்சர் அடுத்ததாக அளவுக்கு மீறி ஜாக்கிரதையாகிறாள். அன்று சாயங்காலமே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலை நான்கு மணி. இருபத்தோரு மணி நேரம் கூட்டினால் நள்ளிரவைத் தாண்டுகிறது. நள்ளிரவைத் தாண்டினால் புதன்கிழமை. மூன்றரை மணி சரி. ஆனால் அது புதன்கிழமை மூன்றரையாகத்தான் இருக்கவேண்டும். சீட்டில் செவ்வாய் என்று போட்டிருப்பது புறப்படும் கிழமையாக்கும் என்று முடிவு கட்டினேன். சீட்டை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நானே கணக்குப் போட்டபின் சீட்டைப் பார்ப்பானேன்?

தங்கைக்குப் போன் செய்து, "புதன்கிழமை சாயங்காலம் மூன்றரைக்கு இறங்கறோம்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை கெளம்பினா இங்க செவ்வாய்க்கிழமையேன்னா வரும் சாதாரணமா? நான் அங்கேருந்து திரும்பி வரதெல்லாம் அப்படித்தான்."

"நடுவுல நள்ளிரவு வரதா இல்லையா?"

"வரது."

"அப்பறம்?"

"சரி, நீ சொன்னா அப்பீல் உண்டோ?" என்றாள்.

புறப்படும் நாள் வந்தது. விமானம் விடியுமுன்தான், ஆனால் தோப்பும்படி பாலத்தில் போக்குவரத்து நெரிசல் இருக்கும் என்று திங்கட்கிழமை பொழுது சாயுமுன்பே கிளம்பிவிட்டோம். எங்கள் தெருக்கோடியில் டாக்ஸி ஓட்டும் சேட்டன்தான் வந்தார். "டீச்சரே, இப்போழே போயிட்டு அவிடே எந்து செய்யான்?" என்று சிரித்தார். அங்கே போய் என்ன செய்யப்போகிறோம் என்று எனக்கும் தெரியவில்லை. வல்லார்பாடம் துறைமுகத்துப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அந்தப் பெட்டிகள் கடல் வழியாகப் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று சேட்டனுக்கு விளக்க ஆரம்பித்தேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பேசிக்கொண்டே இருந்தால் பயம் தெரியாது. விமான நிலையம் வந்து சேர்வதற்குள் சூயஸ் கால்வாயை முடித்து பனாமாவில் பாதி வந்திருந்தேன்.

முதல் விமானத்தில் மேலே ஏறும்போது என் கணவரின் கையை நான் பிடித்ததில் அவர் மோதிரம் விரலில் அழுந்திச் சிவந்துவிட்டது. இரண்டாவது விமானத்தில் தைரியம் வந்துவிட்டது. முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு குட்டி விமானம் உலகப்படத்தின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த நிகழ்ச்சி அதுதான். சாப்பாடு வந்தபோதுகூடக் கண்ணை எடுக்கவில்லை. "இதோ காஸ்பியன் கடல்... இதோ நார்வே... வளையறது பாருங்கோ, நான் நூல் வெச்சுக் காட்டினேனே." அவர் கழுத்தில் ஒரு தலையணையை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் இருந்த ஒரு இளம்பெண் காதில் எதையோ மாட்டியிருந்தாள். முதலில் பாட்டுக் கேட்பதற்கு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சத்தம் கேட்காமல் இருப்பதற்கு அடைப்பான். நான் பேச ஆரம்பித்த பிறகு மாட்டியதாகத்தான் ஞாபகம்.

தரை இறங்கும் முன் விமானி அறிவிப்புச் செய்தார். இங்கே வெயிலடிக்கிறது, உள்ளூர் நேரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் என்றார்.

என் கணவர் கண்ணைத் திறந்தார். "செவ்வாய்ங்கறானே?"

"பாவம், பதினாலு மணி நேரம் ஓட்டிண்டு வந்திருக்கார். கிழமை குழம்பியிருக்கும்."

"ப்ளேன் ஓட்டறவனுக்குக் கிழமை குழம்புமோ?"

"நீங்க பேசாம பெல்ட்டைப் போடுங்கோ."

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பூங்கொத்தும் பலூனும் பெயர் எழுதிய அட்டையுமாகக் கூட்டம். எல்லா முகங்களையும் ஒரு வரிசை பார்த்தேன். தங்கை இல்லை. இன்னொரு வரிசை பார்த்தேன்.

"தோப்பும்படி பாலம் மாதிரி இங்கயும் ஏதாவது பாலத்துல மாட்டிண்டிருப்பாள்" என்றேன்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பையில் மிச்சமிருந்த நேந்திரங்காய் வறுவலை எடுத்துக் கொறித்தோம். எங்களோடு இறங்கியவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து, அழுது, படமெடுத்து, போய்விட்டார்கள். அடுத்த விமானத்து ஆட்கள் வந்து அவர்களும் கட்டிப்பிடிக்க ஆரம்பித்தார்கள். என் கணவர் கூரையில் தொங்கிய பெரிய பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல நிதானமாக, "அதுலயும் செவ்வாய்னுதான் போட்டிருக்கு" என்றார்.

நானும் பார்த்தேன்.

விமானிக்குக் குழம்பலாம். ஒரு விமான நிலையத்துக்கே குழம்பியிருக்கும் என்று சொல்ல எனக்குக்கூட வாய் வரவில்லை. கொச்சியில்தான் நள்ளிரவு தாண்டியது. நாங்கள் சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே வந்தோம். எங்களுக்கு நள்ளிரவே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வழி நெடுக வெயில் அடித்ததை நானே பார்த்தேன். பார்த்து, "எவ்வளவு நீளமான பகல், பாருங்கோ" என்று சொல்லவும் செய்தேன்.

எங்கள் போனில் பேச வழியில்லை. பக்கத்தில் பலூனோடு நின்றிருந்த ஒரு பஞ்சாபி அம்மாளிடம் என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். மகிழ்ச்சியாகக் கொடுத்தாள். தங்கை எடுத்தாள்.

"நான்தான். எங்கே இருக்கே?"

"ஆத்துலதான். நீ எங்கேருந்து பேசறே? வளைகுடாலேருந்தா?"

"உங்க ஊர்லேருந்து."

"எங்க ஊர்லேருந்தா? நாளைக்குன்னா வரே நீ?"

"நாளைக்குத்தான். ஆனா வந்துட்டேன்."

"அக்கா, இன்னிக்கு செவ்வாய்!"

"அது இப்பத்தான் தெரிஞ்சுது."

எதிர்முனையில் ஒரு சத்தம். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். திரும்பி வந்து, "அங்கேயே இரு. எங்கயும் போகாதே. யாருக்கும் வழி சொல்லிக் குடுக்காதே" என்றாள்.

அவள் வீடு விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுவதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவருக்கு அது கவலையாகிவிட்டது. "உடம்புக்கு ஏதாவது பண்றதா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மூன்றாவது முறை அவர் வேறு கேள்வி கேட்டார்: "அந்த விமானிகிட்ட மன்னிப்புக் கேக்கணுமோ?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் தங்கை வந்தாள். கைத்தடி ஊன்றி, ஒரு காலைச் சற்றே இழுத்தபடி. வீட்டில் உடுத்தும் நைட்டிக்கு மேலே நீளக் கோட்டு, காலில் செருப்பு, தலையில் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் தொப்பி. நெற்றியில் மயிரோரமாகக் கறுப்புக் கறுப்பாகத் தீற்றியிருந்தது. காதுமடல் ஒன்றில் பாதி கறுப்பு.

"இது என்னடி கோலம்?"

"நாளைக்கு அக்கா வரா, நரையோட நிக்க வேண்டாம்னு இன்னிக்கு லீவு போட்டுட்டு டை அடிச்சிண்டிருந்தேன். பாதிதான் ஆச்சு, நீ போன் பண்ணிட்டே. அலம்பறதுக்குக்கூட நிக்காம ஓடி வந்திருக்கேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். பயண அலுப்போ, வெட்கமோ, இத்தனை வருஷம் நூல் பிடித்துக்கொண்டிருந்த கையோ, ஏதோ ஒன்று உடைந்து அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். பிரியும்போது என் வெள்ளை ஸ்வெட்டரின் தோளில் அவள் காது அளவுக்கு ஒரு கறை இருந்தது. அது இன்றுவரை போகவில்லை.

காரை அவளே ஓட்டினாள், இந்த ஒரு மணி நேரம் முழங்கால் தாங்கும் என்றாள். வழியில் கேட்டேன், "உனக்குத் தோணலையா, செவ்வாய்க்கிழமைதான் வருவோம்னு? எத்தனை தடவை இந்த வழியா வந்திருக்கே."

"தோணித்து."

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. நீ நள்ளிரவு வரதா இல்லையான்னு கேட்டே. எனக்கு ஒன்பதாம் கிளாஸ்ல உக்காந்திருக்கற மாதிரி ஆயிடுத்து. வாயை மூடிண்டுட்டேன்."

பின்சீட்டிலிருந்து என் கணவர், "எனக்கும்" என்றார்.

வீடு தயாராக இல்லை. எங்களுக்கான அறையில் இஸ்திரி போடாத துணி மலையாகக் கிடந்தது. சமையலறையில் ஒன்றுமில்லை. அவள் கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். மறுநாள்தான் வருவார், கறிகாய் வாங்கிக்கொண்டு. அவள் ஒரு குக்கரில் சாதம் வைத்தாள். தயிரும் கடுமாங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்தாள். நின்றபடியே மூன்று பேரும் சாப்பிட்டோம். முழங்கால் வலிக்கு நிற்பது தேவலை என்றாள் அவள். எங்களுக்கோ உட்கார்ந்து உட்கார்ந்து போதும் போதும் என்றாகியிருந்தது. அப்புறம் துணி மலையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டோம்.

புதன்கிழமை காலை நான் எழுந்தபோது என் கணவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெளிச்சம், மேப்பிள் மரமோ என்னவோ ஒன்று ஜன்னலை ஒட்டி நின்றது. தங்கை சமையலறையில் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை, நடுவில் செம்பட்டை. அவள் தலையை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. நடு வகிட்டில் முடி மெலிந்திருந்தது. போனில் அது தெரிந்ததே இல்லை.

"இன்னிக்கு சாயங்காலம்தான் நீ வரணும்" என்றாள். "அதுக்குள்ள வீட்டைப் பெருக்கி, சாம்பார் வெச்சு, நல்ல புடவை கட்டிண்டு நிக்கணும்னு நெனச்சேன்."

"டை மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஒரு கிண்ணத்தில் கலக்கிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். கழுத்தில் ஒரு பழைய துண்டைச் சுற்றினேன். சீப்பின் நுனியால் வகிடு எடுத்து, வெள்ளையாக இருந்த பக்கத்தில் பூச ஆரம்பித்தேன்.

"நெஜமாவே நீ ஏன் இத்தனை வருஷமா வரலை, அக்கா?"

"பயம்டி. வேற என்ன?"

"அது எனக்குத் தெரியும். எதுக்குப் பயம்? விழுந்துடும்னா?"

யோசித்தேன். விழுந்துவிடும் என்று பயந்ததாக நினைவில்லை. வெளியூருக்குப் போனால் அங்கே நான் டீச்சர் இல்லை. எங்கே நிற்கவேண்டும், எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும், தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று ஒவ்வொன்றையும் யாரிடமாவது கேட்கவேண்டும். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

அதை அவளிடம் சொன்னேன்.

"நேத்திக்குக் கேட்டியே அந்தப் பஞ்சாபி மாமிகிட்ட, போன் வேணும்னு" என்றாள்.

"கேட்டேன். ஹிந்தியில தப்பாக் கேட்டேன் போலிருக்கு. முதல்ல பலூனைக் குடுத்தா."

அவள் சிரித்த சிரிப்பில் தலை ஆடி, சீப்பு நழுவி, டை அவள் மூக்கில் தீற்றிவிட்டது. "ஆடாம இரு" என்று அதட்டினேன். சத்தம் கேட்டு என் கணவர் எழுந்து வந்து வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தார். காப்பிப்பொடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அலமாரியின் மேல்தட்டில் என்று தங்கை சொன்னாள். அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று அவர் கேட்டார். அதை நானும் தெரிந்துகொள்ளவேண்டியிருந்ததால், சீப்பைக் கையில் பிடித்தபடி, அவள் சொல்வதைக் கவனமாகக் கேட்டேன்.